ஒரே துண்டுக்கோடு, நான்கு வேலைகள்: ஒரு வரைபடத் தொகுதியில் லைன்டைப்களை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

செங்கல் சுவர்கள் சுமை தாங்கும் பழைய இரண்டு மாடி வீடு ஒன்றைச் சிறிய பொது நூலகமாக மாற்றும் திட்டம். வடிவமைப்பு முடிந்திருந்தது. ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்த படத் தொகுதியும் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அங்கிருந்து வந்த கேள்விகள் நிற்கவில்லை. "இந்தச் சுவர் இருக்குமா, போகுமா?" "இந்தக் கோடு குழாயா, மேலே வரும் பீமா?" கேட்டவர்கள் எல்லாம் படம் படித்துப் பழகிய ஆட்கள். தொகுதியைச் சீர்செய்யும் வேலை எங்களிடம் வந்தபோது நிபந்தனை ஒன்றுதான்: வடிவமைப்பில் கை வைக்கக் கூடாது, படம் மட்டும் படிக்கும்படி ஆக வேண்டும்.

திரையில் திறந்து பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை. இடிக்கும் சுவர் சிவப்பில் இருந்தது, குழாய் நீலத்தில், பீம் பச்சையில். ஆனால் வேலையிடத்தில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. ஏ1 தாளில் அச்சான படத்தை ஏ3 ஆகச் சுருக்கிக் கருப்பு வெள்ளையில் நகலெடுக்கிறார்கள்; பிறகு அந்த நகலையே மறுபடி நகலெடுக்கிறார்கள். நிறம் போனதும் மிஞ்சியது 'ஹிட்டன்' என்ற ஒரே லைன்டைப், அதாவது ஒரே கோட்டுப் பாணி. தலைக்கு மேலே ஓடும் பீம், தரைக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய், இடிக்க வேண்டிய சுவர், மேல்தளத்தின் விளிம்பு என நான்குக்கும் அதே துண்டுக்கோடுதான். குழாயையும் பீமையும் குழப்பிக்கொண்டால் நேரம் போகும், அவ்வளவுதான். சுமை தாங்கும் சுவரை இடிக்கும் சுவர் என்று படித்துவிட்டால் கட்டடமே போகும்.

இதற்கு வழக்கமாகச் செய்வது, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் குறிப்பு எழுதி அம்பு போடுவது. இந்தத் தொகுதியிலும் அதைச் செய்து பார்த்திருந்தார்கள். ஒரு அறைக்குள் ஏழெட்டு அம்புகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. சுவர் ஒன்று நகர்ந்தால் குறிப்பு பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே குறிப்பில் இருந்த செய்தியைக் கோட்டுக்குள்ளேயே கொண்டுபோக முடிவு செய்தோம். கோடு நகர்ந்தால் செய்தியும் கூடவே நகரும்.

துண்டுக்கோட்டைப் பிரித்தது

கோடுகளுக்கான ஐஎஸ்ஓ 128 தரநிலையில் துண்டின் நீளம் மில்லிமீட்டரில் வராது. கோட்டின் தடிமனுக்கு எத்தனை மடங்கு என்றுதான் வரும். துண்டு 12 மடங்கு, நீண்ட துண்டு 24, குட்டைத் துண்டு 6, இடைவெளி 3, புள்ளி அரை மடங்கு. ஆட்டோகேடோடு வரும் ஐஎஸ்ஓ லைன்டைப்களின் பெயருக்குப் பின்னால் 'டபிள்யூ100' என்று ஒட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்: அவை 1 மி.மீ. தடிமனுள்ள கோட்டுக்காக எழுதப்பட்டவை. அவற்றை 0.25 மி.மீ. கோட்டுக்கு அப்படியே போட்டால் துண்டுகள் நான்கு மடங்கு நீண்டுவிடும். 'ஐஎஸ்ஓ லைன்டைப் போட்டேன், பார்க்க நன்றாக இல்லை' என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு எண்ணைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

தரநிலை நல்ல தொடக்கம்தான், ஆனால் நகலுக்கு அது போதவில்லை. 0.25 கோட்டுக்கு 3 மடங்கு இடைவெளி என்றால் 0.75 மி.மீ. ஏ1 படம் ஏ3 ஆகும்போது எல்லா நீளமும் பாதியாகி, இடைவெளி 0.375 மி.மீ.க்கு வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு நகலுக்குள் மை அதை மூடிவிடுகிறது, துண்டுக்கோடு முழுக்கோடாகிவிடுகிறது. தடிமனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பேனா வரிசையான 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்பது ஏ வரிசைத் தாள்களைப் போலவே இரண்டின் வர்க்கமூல விகிதத்தில் ஏறுகிறது. அதனால் 0.5 கோடு ஏ1இலிருந்து ஏ3க்கு வந்தால் 0.25 ஆகி, வரிசையில் உள்ள இன்னொரு பேனாவாகவே நிற்கிறது. இடைவெளியை அப்படிக் காப்பாற்ற ஆள் இல்லை. எனவே ஏ1இல் எந்த இடைவெளியும் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

லைன்டைப் எழுதுவது கடினமே இல்லை. லைன்டைப் வரையறைகளை வைக்கும் ஆட்டோகேடின் லின் கோப்பில் முதல் வரி நட்சத்திரக் குறியில் தொடங்கிப் பெயரையும் விளக்கத்தையும் சொல்லும். இரண்டாவது வரி 'ஏ' என்ற எழுத்து, பிறகு எண்கள். நேர் எண் துண்டு, கழித்தல் குறியுள்ள எண் இடைவெளி, பூஜ்யம் புள்ளி. ஒரு வரையறையில் 12 நீளங்கள் வரை போகலாம், எல்லாம் 80 எழுத்துக்குள் ஒரே வரியில் அடங்க வேண்டும். இந்த வரம்பு நல்லதுதான் என்பது என் எண்ணம். 12க்கு மேல் நீளங்கள் தேவைப்படும் கோட்டைப் படிப்பவர் தாளமாக உணரப்போவதில்லை, கறையாகத்தான் பார்ப்பார்.

மேலே இருப்பவற்றுக்கு 9, -1.5 என்று நீண்ட துண்டும் சிறிய இடைவெளியும் கொடுத்தோம். பீம் அங்கே நிச்சயமாக இருக்கிறது, தளப்படம் கட்டடத்தை வெட்டிக் காட்டும் உயரத்துக்கு மேலே இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால் கோடு கிட்டத்தட்ட முழுமையாகவே தோன்றலாம். தரைக்கு அடியில் இருப்பதற்கு 3, -2; கண்ணுக்கு நன்றாக உடைந்து தெரியும். மேல்தள விளிம்புக்கும் பீமுக்கும் தனித்தனிப் பாணி வேண்டுமா என்று ஒரு விவாதம் நடந்தது. வேண்டாம் என்று விட்டோம். பீம் இரட்டைக் கோடாக வரும், விளிம்பு ஒற்றையாக வரும். அதுவே பிரித்துக் காட்டிவிடுகிறது.

இடிக்கும் சுவர்தான் முக்கியமானது. அதற்குத் துண்டுகளின் தாளத்தை நம்பவில்லை. துண்டு, இடைவெளி, 'எக்ஸ்' எழுத்து, இடைவெளி என்று ஓடும்படி செய்தோம். அடித்துவிட்டதைப் பெருக்கல் குறியால் காட்டுவது எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் பழக்கமானது. நகலின் நகலிலும் எக்ஸ் எக்ஸாகவே தெரிகிறது. சுவரின் இரு முகங்களிலும் இதை ஓடவிட்டு, உள்ளே நிரப்பியிருந்த ஹாட்ச் என்ற கோட்டு நிரப்பல் முழுவதையும் எடுத்துவிட்டோம்.

எழுத்தை வரையறைக்குள் வைக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒன்று, எழுத்தின் அடி இடது முனைதான் கோட்டின் மேல் உட்காரும். எழுத்து நடுவில் வர வேண்டுமானால் அகலத்தில் பாதியை இடப்பக்கமும் உயரத்தில் பாதியைக் கீழேயும் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ் கோட்டின் மேல் ஏறி நிற்கும். இரண்டாவது, எழுத்தின் அளவு. எழுத்துப் பாணியின் உயரம் பூஜ்யமாக இருந்தால் வரையறையில் கொடுத்த எண்ணே உயரம். பாணியில் யாராவது நிலையான உயரம் வைத்திருந்தால் இரண்டும் பெருகிவிடும். அதனால் லைன்டைப்களுக்கென்றே பூஜ்ய உயரமுள்ள தனிப் பாணி ஒன்றை உருவாக்கி, அதில் வேறு எதையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டோம். மூன்றாவது, திசை. அதை அடுத்து வரும் குழாய்களோடு சேர்த்துச் சொல்வதுதான் பொருத்தம்.

குழாயில் எழுத்தும் அம்பும்

குழாய்க் கோட்டுக்குள் எழுத்து வைப்பது புதிதல்ல. ஆட்டோகேடோடு வரும் கோப்பிலேயே எரிவாயுக் குழாயும் வெந்நீர்க் குழாயும் எழுத்தோடுதான் இருக்கின்றன. நாங்கள் சேர்த்தது ஓட்டத்தின் திசை. கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பழைய தொகுதியில் தனித்தனியாக வைத்த அம்புச் சின்னங்களால் காட்டியிருந்தார்கள். குழாயின் பாதை மாறியபோது சில அம்புகள் திரும்பாமல் நின்றன. மேடு நோக்கிக் கழிவுநீர் ஓடுவதுபோல ஒரு படமும் அதில் இருந்தது.

'விடப் பெரியது' என்ற கணிதக் குறியை எழுத்தாகக் கோட்டில் வைத்தால் அதுவே அம்பு. பாலிலைன், அதாவது பல பகுதிகள் சேர்ந்த ஒரே கோடு, எந்தத் திசையில் வரையப்பட்டதோ அந்தத் திசையைத்தான் அது காட்டும். ஆகவே கழிவுநீர்க் குழாயை எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரைய வேண்டும் என்ற ஒரே விதி போதும். தவறாக வரைந்தால் ரிவர்ஸ் கட்டளை கோட்டைத் திருப்பிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடப்பக்கமாக வரைந்த கோட்டில் எழுத்துகள் தலைகீழாக வரும் என்பது பழைய தொல்லை. அதைத் தீர்க்க 2011 பதிப்பிலிருந்து ஆட்டோகேடில் 'யு' என்ற சுழற்சித் தெரிவு வந்தது. கோடு எந்தப் பக்கம் போனாலும் எழுத்தை நிமிர்த்தி வைக்கும். வந்த நாளிலிருந்து எல்லாரும் எல்லா எழுத்துக்கும் அதையே போடுகிறார்கள். அம்புக்கு மட்டும் போடக் கூடாது. இடப்பக்கம் ஓடும் குழாயில் 'யு' அந்தக் குறியையும் நிமிர்த்திவிடும். அம்பு வலப்பக்கம் காட்டும். அதாவது ஓட்டத்துக்கு நேர் எதிராக. எழுத்து நிமிர வேண்டும், அம்பு கோட்டோடு திரும்ப வேண்டும். ஆகவே ஒரே லைன்டைப்புக்குள் மழைநீரைக் குறிக்கும் எழுத்துக்கு 'யு' தெரிவும், அதற்கு அடுத்த அம்புக்குக் கோட்டோடு சுழலும் 'ஆர்' தெரிவும் கொடுத்தோம். இரண்டையும் கலந்து வைக்க மென்பொருள் தடை சொல்வதில்லை.

குழாய்களில் வளைவுகளும் மூலைகளும் அதிகம். பாலிலைனின் ஒவ்வொரு முனையிலும் தாளம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் குட்டையான பகுதிகளில் முழுச் சுற்று பொருந்தாமல் வெறும் முழுக்கோடாகத் தெரியும். எழுத்தும் அம்பும் காணாமல் போகும். பிலைன்ஜென் என்ற மாறியை 1 ஆக்கினால் தாளம் முனைகளைத் தாண்டி ஓடும். குழாய்களுக்கு அதுதான் சரி. ஆனால் மேல்தள விளிம்புக்கும் பீமுக்கும் 0 ஆகவே விட்டோம். 1 வைத்தால் மூலையில் இடைவெளி வந்து விழுந்து, திரும்பும் இடமே தெரியாமல் போகலாம். 0 என்றால் ஒவ்வொரு மூலையிலும் துண்டு சேர்ந்து நிற்கும். டெம்ப்ளேட்டில் ஒரே மதிப்பை வைத்துவிட்டு மறந்துவிடும் அலுவலகங்களில் மூலைகள் மங்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் குழாய்கள் ஊமையாகக் கிடக்கும்.

அகலம் கொடுத்த பாலிலைன்

இந்தத் தொகுதியில் எங்களுக்கு உற்சாகம் தந்த பகுதி இது. ஆட்டோகேடில் பாலிலைனுக்கு அகலம் கொடுத்து, அதற்குத் துண்டு லைன்டைப் போட்டால் ஒவ்வொரு துண்டும் நிரப்பிய செவ்வகமாகிவிடும். அந்த நொடியிலிருந்து லைன்டைப் கோடாக இல்லாமல் பட்டைகளாகத் தெரியத் தொடங்குகிறது.

முதலில் செய்தது நீர்க்காப்புப் படலம். வெட்டுத்தோற்றத்தில் மொட்டைமாடித் தளத்துக்கும் சுவருக்கும் இடையே வளைந்து ஏறும் படலம் வெறும் தடித்த கோடாக இருந்தால், பக்கத்திலிருக்கும் சாந்துப் பூச்சின் கோட்டோடு கலந்துவிடும். துண்டும் இடைவெளியும் சம நீளமுள்ள அகலப் பாலிலைன் ஒன்றை வரைந்து, இருபுறமும் மெல்லிய கோடு கொடுத்தால் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டை கிடைக்கிறது. மூலையில் வளைத்தால் பட்டையும் வளைகிறது. ஹாட்ச் நிரப்பி இதைச் செய்தால், படலத்தை 20 மி.மீ. உயர்த்த வேண்டி வரும்போது எல்லையைத் திருத்தி மறுபடி நிரப்ப வேண்டும். இங்கே ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும்.

அடுத்து சாய்தளம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் தொடுவுணர் பட்டைகளை, சாய்தளத்தின் அகலமே பாலிலைனின் அகலமாக, நடக்கும் திசையில் ஒரே ஒரு கோடு வரைந்து பெற்றோம். முன்முற்றத்தின் வளைந்த நடைபாதையில் போட்ட பலகைகளும் அப்படித்தான் வந்தன. வில் வடிவப் பாலிலைனில் துண்டுகள் மையத்தைப் பார்த்துத் திரும்பி, வெளிப்பக்கம் அகன்று உள்பக்கம் குறுகி நிற்கின்றன. கையால் வரைந்தால் ஒவ்வொரு பலகையையும் சுழற்றி வைக்க வேண்டும். நடைபாதையின் வளைவைக் கட்டடக்கலைஞர் பலமுறை மாற்றினார். ஒருமுறைகூட அது எங்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

வாசகர்கள் வெளியே உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு மேலே மரச்சட்டப் பந்தல் ஒன்று இருந்தது. 50 மி.மீ. சட்டம், 400 மி.மீ. இடைவெளி. அதையும் இதே முறையில் வரைந்தோம், பார்க்க அழகாகவே இருந்தது. அளவுக் கணக்கு எடுப்பவர் கேட்ட முதல் கேள்வி: "மொத்தம் எத்தனை சட்டம்?"

படத்தில் எண்ணிச் சொல்லலாம். ஆனால் எண்ணக் கூடாது. 'ஏ' என்று தொடங்கும் லைன்டைப்பில் கோடு எப்போதும் துண்டில் தொடங்கித் துண்டில் முடிய வேண்டும் என்பது விதி. மொத்த நீளத்துக்குள் தாளம் சரியாகப் பொருந்தாவிட்டால் மென்பொருள் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் நீட்டிச் சமாளிக்கும். 50 மி.மீ. சட்டம் ஓரத்தில் 180 மி.மீ. ஆகத் தெரியலாம். குழாயிலும் எல்லைக்கோட்டிலும் அந்த நீட்டல் யாருக்கும் தொந்தரவு இல்லை. பந்தலில் அது பொய். சட்டங்கள் சமமாக எங்கே உட்கார வேண்டும், கடைசிச் சட்டம் தூணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் தச்சருக்கு வேண்டிய செய்தி. லைன்டைப்புக்கு அவை தெரியாது. திரையில் பதினைந்து சட்டம் தெரிந்தாலும் கோப்பைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரே ஒரு பொருள்தான்.

பந்தலை ஒரு பாதையோடு இணைந்த அரேவாக, அதாவது ஒரே சட்டத்தைப் பாதை நெடுகத் திரும்பத் திரும்ப வைக்கும் வரிசையாக, மாற்றினோம். அது கொஞ்சம் கனமான பொருள், திருத்துவதும் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் எண்ணிக்கை கேட்டால் சொல்லும். படிக்கட்டின் கைப்பிடிக் கிராதிக் கம்பிகளுக்கும் அதே முடிவு. நடைபாதைப் பலகைகளைத் தளப்படத்தில் லைன்டைப்பாகவே விட்டோம். அவற்றின் அளவைப் பரப்பளவில் கணக்கிடுகிறார்கள், எண்ணிக்கையில் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பொருளைக் கோட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று தயங்கும்போது நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: இதை யாராவது எண்ணி வாங்கப் போகிறார்களா? ஆம் என்றால் லைன்டைப் வேண்டாம்.

தாளின் அளவா, கட்டடத்தின் அளவா

அகலப் பட்டைகளைக் கையாண்டதும் இன்னொரு முடிச்சு வெளியே வந்தது. இடிக்கும் சுவரின் எக்ஸ், 1:100 படத்திலும் 1:20 படத்திலும் தாளில் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். அது குறியீடு. ஆனால் நடைபாதைப் பலகை 100 மி.மீ. என்றால் எந்த அளவுகோலிலும் அது 100 மி.மீ. பலகையாகவே இருக்க வேண்டும். அது பொருள். இரண்டும் ஒரே இயந்திரத்தால் வரையப்படுகின்றன, இரண்டுக்கும் வேண்டிய நடத்தை நேர் எதிர்.

ஆட்டோகேடில் பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற மாறியை 1 வைத்தால், தாளில் படத்தைக் காட்டும் சாளரமான வியூபோர்ட்டின் அளவுகோலுக்கு ஏற்ப லைன்டைப் தானே பெருகி, தாளில் ஒரே அளவாக நிற்கும். 0 வைத்தால் மாடலின், அதாவது உண்மை அளவில் வரைந்த கட்டடத்தின், அளவே நிற்கும். இந்த மாறி லேஅவுட் என்ற அச்சுத் தாள் முழுவதற்கும் பொது. இந்தக் கோட்டுக்கு இப்படி, அந்தக் கோட்டுக்கு அப்படி என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நாங்கள் 1இல் விட்டோம், ஏனென்றால் குறியீடுகள்தான் அதிகம். பொருள் அளவில் வரும் கோடுகளை எந்த அளவுகோலில் காட்டுகிறோமோ அதற்கென்று தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, பொருளின் லைன்டைப் அளவைத் தலைகீழாகக் கொடுத்து, மற்ற வியூபோர்ட்களில் அந்த லேயர் தெரியாதபடி உறையவைத்தோம். 1:100க்கு 0.01, 1:50க்கு 0.02. வேலை செய்கிறது, ஆனால் நேர்த்தியான தீர்வு என்று சொல்ல மாட்டேன். இரண்டு அளவுகோல்களுக்கு மேல் தேவைப்பட்டால் பேசாமல் பொருளையே வரைந்துவிடுவது மேல்.

இந்த ஒரு விஷயத்தில் ஆர்க்கிகேட் என்ற கட்டட வரைவு மென்பொருள் முன்னால் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு கோட்டு வகைக்கும் அது தாளோடு போகிறதா, படத்தின் அளவுகோலோடு போகிறதா என்று தனித்தனியே சொல்லலாம். சின்னங்களால் ஆன கோடு என்ற வகையில் வேண்டிய வடிவத்தை வரைந்து, நகலெடுத்து, வரையறைக்குள் ஒட்டினாலே போதும். எண்கள் எழுத வேண்டியதில்லை. ஆட்டோகேடின் எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பில் உள்ள எம்கேஎல்டைப் கட்டளையும் வரைந்த மாதிரியிலிருந்து லைன்டைப் செய்யும், ஆனால் அளவுகோல் கேள்வியைத் தீர்க்காது.

ரெவிட் என்ற இன்னொரு கட்டட வரைவு மென்பொருள் இதற்கு நேர் எதிர் முனை. அதன் கோட்டுத் தாளத்தில் துண்டு, புள்ளி, இடைவெளி மூன்றுக்கும்தான் இடம். எழுத்து கிடையாது, வடிவம் கிடையாது, நீளங்கள் எப்போதும் தாளின் அளவில். எக்ஸ் கோடு வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப வரும் டீட்டெய்ல் பாகமாகவோ கோட்டை அடிப்படையாகக் கொண்ட ஃபேமிலியாகவோ (ரெவிட்டில் மறுபடி பயன்படுத்தும் பொருள் வகை) செய்ய வேண்டும். ஆட்டோகேடிலிருந்து வருகிறவர்களுக்கு இது வறுமையாகத் தோன்றும். ஆனால் கோட்டில் வைக்கக் கூடாதவற்றைக் கோட்டில் வைக்கவிடாமல் அந்த வறுமையே தடுக்கிறது என்பதையும் பந்தல் விவகாரத்துக்குப் பிறகு ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மைக்ரோஸ்டேஷன் மென்பொருளில் துண்டுத் தாளமும் புள்ளியில் அமரும் சின்னமும் தனித்தனிப் பாகங்கள். இரண்டையும் அடுக்கிக் கூட்டுக்கோடு செய்யலாம். சாலை, ரயில் பாதை வரைகிறவர்களுக்கு அது வசதி.

தீ தாங்கும் சுவர்கள்

இது சிறிய பகுதிதான், ஆனால் எனக்குப் பிடித்தது. நூலகம் பொதுக் கட்டடம் என்பதால் எந்தச் சுவர் எவ்வளவு நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்று காட்டும் தனித் தளப்படம் தேவைப்பட்டது. சுவரின் நடுவே ஒரு கோடு. 1 மணி நேரம் தாங்கும் சுவருக்குத் துண்டுகளுக்கு இடையே ஒரு புள்ளி, 2 மணிக்கு இரண்டு புள்ளிகள். பல அலுவலகங்களில் இருக்கும் வழக்கம் இது. எழுத்தே தேவையில்லை, ரெவிட்டிலும் செய்யலாம், புள்ளியை எண்ணினால் மணி தெரிந்துவிடும்.

ஆனால் துண்டு, புள்ளி என்று ஓடும் கோடு ஏற்கெனவே தூண் அச்சுக்கும் மையக்கோட்டுக்கும் உரிமையானது. தாளத்தை மாற்றினால் புள்ளி எண்ணும் வசதி போய்விடும். அதனால் தாளத்தைத் தொடாமல் தடிமனை மாற்றினோம்: தீச்சுவர் 0.7, அச்சு 0.18. கூடவே, அந்தத் தளப்படத்தில் அச்சுக்கோடுகள் கட்டடத்துக்குள் நுழையாமல் வெளிச்சுவரோடு நின்றுவிடும்படி வெட்டினோம். புள்ளிகளை வரையறையில் பூஜ்யமாக விடாமல் குட்டித் துண்டாகவே கொடுத்தோம். பூஜ்ய நீளப் புள்ளி சில அச்சு இயந்திரங்களில் மங்கிவிடுகிறது, மணிக்கணக்கில் ஒரு புள்ளி குறைந்தால் விளையாட்டில்லை.

கோப்பு கைமாறியபோது

எளிய லைன்டைப்பின் வரையறை படக் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. லின் கோப்பை உடன் அனுப்ப வேண்டியதில்லை. வடிவங்களைக் கொண்ட லைன்டைப் அப்படியல்ல. வடிவம் தனி எஸ்எச்எக்ஸ் கோப்பில் இருக்கிறது. எதிர்முனையில் அது இல்லையென்றால் வடிவம் விழுந்துபோய் வெறும் துண்டும் இடைவெளியும் மட்டும் மிஞ்சும். கட்டமைப்புப் பொறியாளரிடம் போன முதல் கோப்பில் வெப்பக்காப்பின் நெளிவுகள் இப்படித்தான் காணாமல் போயின. ஈடிரான்ஸ்மிட் கட்டளையால் எல்லாவற்றையும் கட்டி அனுப்பலாம், ஆனால் மூன்றாவது கைக்குப் போகும்போது யாரோ ஒருவர் படக் கோப்பை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பத்தான் போகிறார்.

ஆகவே முடிந்த இடங்களில் எல்லாம் வடிவத்துக்குப் பதில் எழுத்தையே பயன்படுத்தினோம், அதுவும் ஆட்டோகேடோடு வரும் எழுத்துருவில். எக்ஸ் அடித்தல் குறியாகிறது. 'ஓ' எழுத்து வேலிக் கம்பமாகிறது. அடைப்புக்குறியை 90 பாகை சுழற்றினால் சிறு வளைவு. அதை வரிசையாக வைத்தால் செடிவேலி. தட்டச்சுப் பலகையில் இருக்கும் குறிகளே போதுமான சின்னங்களின் களஞ்சியம்.

செடிவேலி மட்டும் தேறவில்லை. குறிவிளக்கத்தை மறைத்துவிட்டு, தொகுதியைப் பார்த்திராத மேஸ்திரிகளிடம் படத்தைக் காட்டி, ஒவ்வொரு கோடும் என்ன என்று கேட்டோம். எக்ஸ் கோட்டில் யாரும் தடுமாறவில்லை. அம்புக் குழாயும் அப்படியே. நீர்க்காப்புப் பட்டையைப் பார்த்து, "ஏதோ ஷீட் போடச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் ஒருவர், அது போதும். செடிவேலியைக் காட்டியபோது, "இங்கே ஏதோ மாற்றியிருக்கிறீர்கள் போல" என்று பதில் வந்தது. திருத்தம் செய்த இடத்தைச் சுற்றிப் போடும் மேகக்கோடும் அதே வளைவுகளால் ஆனதுதானே. செடிவேலியை இரண்டு மெல்லிய முழுக்கோடுகளாக்கி, நடுவே பெயரை எழுதிவிட்டோம்.

மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் வைத்த இரண்டு துண்டுக்கோடுகளைத் தனித்தனியே காட்டினால் யாருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் மட்டும் சரியாகப் பிரித்தார்கள். அதனால் இந்த இரண்டு கோடுகளும் வரும் ஒவ்வொரு தாளிலும், தொகுதியின் முதல் தாளில் உள்ள பெரிய குறிவிளக்கத்தை நம்பாமல், பெயர்ப்பட்டைக்கு மேலே இரண்டு வரிச் சிறு குறிவிளக்கம் வைத்திருக்கிறோம். ஏ3 நகல்கள் தனித்தனித் தாளாகத்தான் கைமாறுகின்றன. முதல் தாள் யாரிடமும் இருப்பதில்லை.